விட்டுப்போன ஒரு வரி

போடிநாயக்கனூரில் குடியிருப்பவனுக்கு ஏலக்காயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகையால் நானும் தெரிந்தவன் மாதிரிதான் நடந்துகொண்டு வருகிறேன். அந்த வேஷம் ஒரு தடவை கலைந்துபோயிற்று. அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வரவேண்டும். விஷயம் என்னவோ ஏலக்காய் அல்ல, கம்ப்யூட்டர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போடிமெட்டுக்கு அப்பால் என் சிநேகிதர் ஒருவர் சிறிய ஏலத்தோட்டம் ஒன்றை வாங்கினார். காயை உலர்த்துவதற்கு ஒரு ஸ்டோரும் கட்டினார். எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டிடம். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ஆயுசு முழுவதும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். நான் நோட்டுப் புஸ்தகமும் கையுமாகப் போய், "ஐயா, ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்று உட்கார்ந்தேன். அவரும் ஒன்று விடாமல்தான் சொன்னார். காயைக் கழுவு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பு, தீயை மூட்டு, சூடு 45 டிகிரிக்குக் குறையாமல் 55-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள், இடையில் கிளறிக் கொடு, ஒன்றரை நாளில் காய் கலகலவென்று சப்தம் போடும், சூட்டோடு தேய்த்துக் காம்பை உதிர், பிறகு சலி. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து சிநேகிதரிடம் கொடுத்தேன்.

சிநேகிதர் அதில் எழுதியபடியே அட்சரம் பிசகாமல் செய்தார். 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோவாகும் என்பது சரியாகத்தான் இருந்தது. ஆனால் காய் பச்சை நிறம் போய், வெளுத்து, சீக்காளியின் நகம் மாதிரி ஆகிவிட்டது. பச்சை போனால் விலையும் போயிற்று. பெரியவரைக் கூட்டி வந்தோம். அவர் காயைப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கூரைக்குக் கீழே இருந்த சின்னச் சன்னல்களைத்தான் பார்த்தார்.

"தீ போட்டதும் இதைத் திறந்து விட்டீகளா?"

"இல்லையே! அதை நீங்கள் சொல்லவில்லையே?"

"அதைப் போயிச் சொல்லணுமாக்கும்! ஈரக் காயிலிருந்து ஆவி வந்தா வெளியே போக வழி விடணுமில்லையா? ஆவி போனப்புறம் அடைச்சிக்கிடணும். இது யாருக்குத்தான் தெரியாது?"

எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியாது. அவர் வஞ்சகமாக மறைக்கவில்லை. தினம் விடிந்தால் கண்ணில் படுகிற சன்னல் அது. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது சமையல் குறிப்பில் எழுதுவார்களா? அப்படித்தான் அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று.

இந்தச் சம்பவம் எனக்குச் சமீபத்தில் ஞாபகம் வரக் காரணம், எதிர் வீட்டுச் சிநேகிதரின் பேத்தி.

அந்தப் பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, 2011-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு, சென்னை ஸி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் அந்த இரண்டாவதைக் குடைந்து பார்த்தாள். அதுவே அவளுக்குப் பிழைப்பாயிற்று. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று சில மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, மதுரையில் ரயில் மாறி வந்து சேர்ந்தாள். புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினாள். ஆபீஸில் அவள் தினமும் ஓட்டிப் பார்க்கும் ஒரு பரீட்சைத் தொகுதியை இங்கேயும் நிறுவ ஆரம்பித்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முகம் வாடியிருந்தது.

"ஏம்மா, அம்மாவுக்கு ஜாஸ்தியா?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க, தாத்தா. இந்த மிஷின்தான் படுத்துது. ஒண்ணு இல்லைங்குது. அதைப் போட்டா இன்னொண்ணு இல்லைங்குது. அதைப் போட்டா மூணாவது. ஆபீஸ்ல எல்லாம் ஏற்கெனவே இருந்திச்சு. எது எது இருந்திச்சுன்னு யாரும் எழுதி வைக்கலை."

நான் சிரித்துவிட்டேன். ஆவிச் சன்னல் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பிறகு தினமும் மாலையில் அவளிடம் பாடம் கேட்டேன். அந்தப் பரீட்சைத் தொகுதிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நாவல் எழுதுகிறவன் பொறாமைப்படக்கூடிய சரித்திரம்.

முதலில் அந்தப் பரீட்சை யாருக்கு என்று தெரியவேண்டும். கம்ப்யூட்டரில் நாம் ஒரு கடிதம் எழுதிப் பத்திரப்படுத்துகிறோம். அது டிஸ்கில் எந்த மூலையில் கிடக்கிறது, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற கணக்கையெல்லாம் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளைக்கு 'ஃபைல் சிஸ்டம்' என்று பெயர். நல்ல கணக்குப்பிள்ளை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவார். இந்த யந்திரக் கணக்குப்பிள்ளையும் அப்படியே. நடுவில் மின்சாரம் போய்விட்டாலும், திரும்ப வந்ததும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடுவார்.

ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் கை பிசகும். 2009-ஆம் ஆண்டில் லினக்ஸில் ஈ.எக்ஸ்.டி.4 என்ற புதிய ஃபைல் சிஸ்டம் வந்த புதிதில், யந்திரம் திடீரென்று நின்று மறுபடி கிளம்பினால் சிலருடைய கோப்புகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் காலியாகக் கிடந்தன. பேரேட்டில் பெயர் ஏறிவிட்டது; சரக்கு மட்டும் குடோனுக்கு வந்து சேரவில்லை. வேகத்துக்காகச் சரக்கை எழுதுவதைத் தாமதப்படுத்தும் ஏற்பாட்டினால் வந்த வினை அது. தப்பு ஃபைல் சிஸ்டத்தினுடையதா, அதை நம்பி எழுதிய நிரல்களுடையதா என்று பெரிய தர்க்கம் நடந்தது. முடிவில் இந்த வினை நேராதபடி ஃபைல் சிஸ்டத்திலேயே மாற்றங்கள் செய்தார்கள்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊர் ஏலக்காய் ஏலம் 2007-லேயே மின்னணு ஏலமாகிவிட்டது. அதற்கு முன்னால் வாயால் கேட்டு, கையால் எழுதினார்கள். 2021-ல் போடியையும் கேரளத்துப் புத்தடியையும் ஒரே நேரத்தில் இணைக்கும் ஏற்பாட்டை நறுமணப் பொருள் வாரியம் கொண்டுவந்தது. மலையில் ஒருவர் வருஷம் முழுவதும் பாடுபட்டு இறக்கிய காய்க்கு விழுந்த விலை, எங்கோ ஓர் அறையில் சுழலும் யந்திரத்தில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அந்த வரி அழியாமல் இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு இருக்கிற அக்கறை, அந்த யந்திரத்தைச் செய்தவனுக்கு இருப்பதைவிடக் குறைந்தது அல்ல.

சரி, கணக்குப்பிள்ளையைச் சோதிக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது?

1990-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் ஓடிய ராட்சதப் பல்லிகள் அந்தக் கம்பெனியின் யந்திரங்களில்தான் உயிர் பெற்றன. அவ்வளவு பெரிய படங்களைச் சேமிக்கப் பெரிய கணக்குப்பிள்ளை வேண்டுமல்லவா? அதற்காக அவர்கள் எக்ஸ்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டத்தைச் செய்து 1994-ல் வெளியிட்டார்கள். 1999-ல், அதைச் சுதந்திர மென்பொருளாக லினக்ஸ் உலகத்துக்குத் தந்துவிடுவதாக அறிவித்தார்கள். 2002-ல் அது லினக்ஸின் மூல நிரலிலேயே சேர்ந்துவிட்டது. அதோடு கூடவே, அதைச் சோதிக்க வைத்திருந்த சின்னச் சின்னப் பரீட்சைகளும் வெளியே வந்தன. அவைதாம் 'எக்ஸ்.எஃப்.எஸ்.டெஸ்ட்ஸ்'. இப்போது சுருக்கமாக 'எஃப்.எஸ்.டெஸ்ட்ஸ்' என்கிறார்கள்.

பரீட்சைகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். 001, 002 என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை. மற்றது, சரியாகச் செய்தால் என்ன விடை வரவேண்டும் என்பது. வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தோல்வி. இவ்வளவு எளிய ஏற்பாடுதான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது.

சில பரீட்சைகள் வேடிக்கையானவை. எஃப்.எஸ்.எக்ஸ். என்று ஒன்று உண்டு. அதை முதலில் எழுதியவர் அவடிஸ் டெவானியன் என்பவர். 1998-ல் கான்ராட் மின்ஷால் என்பவர் அதைத் திருத்தி எழுதினார். ஒரே கோப்பில் கண்டபடி எழுதும், படிக்கும், வெட்டும், நீட்டும். தான் செய்ததையெல்லாம் தனியாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கும். சந்தேகப் புத்தியுள்ள மாமியார் மாதிரி. இன்னொரு சின்ன நிரலின் பெயர் 'குடோன்'. இயங்கிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தை நடுவழியில் திடீரென்று முடக்கிப்போடுவது அதன் வேலை. 'கோ டவுன்', அதாவது 'கீழே விழு' என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது கிடங்காகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் உள்ள குடோன் என்ற சொல்லே நம் கிடங்கிலிருந்து போனதுதான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எப்படியோ, சரக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்குக் குடோன் என்று பெயர் விழுந்தது பொருத்தம்தான்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி 2009-ல் திவாலாயிற்று. ராட்சதப் பல்லிகள் மாதிரியே அதுவும் மறைந்தது. ஆனால் பரீட்சைகள் பிழைத்துக்கொண்டன. ஈ.எக்ஸ்.டி.4-காரர்கள், பி.டி.ஆர்.எஃப்.எஸ்.-காரர்கள் எல்லோரும், "நமக்கும் இது உதவுமே!" என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொதுவான பரீட்சைகளைத் தனிப் பிரிவாக வைத்தார்கள். அந்தப் பொதுப் பிரிவில் மட்டும் இன்று எண்ணிக்கை 700-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் திருத்துவதோடு விடாமல், அதே தப்பு மறுபடி தலைகாட்டினால் பிடிப்பதற்கு ஒரு பரீட்சையையும் எழுதிச் சேர்ப்பது பழக்கமாயிற்று. ஆகையால் இந்த எண் வரிசையில் பெரும் பகுதி பழைய விபத்துகளின் ஞாபகார்த்தம். கல்வெட்டு என்றே சொல்லலாம்.

இங்கேதான் நம் பேத்தியின் கஷ்டம் ஆரம்பமாகிறது.

பரீட்சை வளர வளர அதற்கு வேண்டிய சாமான்களும் வளர்ந்தன. மூல நிரலை யந்திரத்துக்குப் புரியும்படி கட்டுவதற்கு ஜி.சி.சி., மேக், ஆட்டோமேக், லிப்டூல் வேண்டும். யார் யார் பார்க்கலாம் என்ற அனுமதிகளைச் சோதிக்க ஒரு நூலகம். காத்திராமல் டிஸ்கில் எழுதும் முறையைச் சோதிக்க லிப்-ஏ.ஐ.ஓ. என்று இன்னொன்று. கூட்டல் கழித்தலுக்கு பி.சி.; வரிகளைப் பிரிக்க காக்; இடப் பங்கீட்டைச் சோதிக்க கோட்டா; யந்திரத்தைத் திணறடிக்க ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதிய டிபெஞ்ச், யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ. அந்த ஆக்ஸ்போவே 2019-ல் லினக்ஸில் எழுதவும் படிக்கவும் ஒரு புதுப் பாதையைப் போட்டார். உடனே அதைச் சோதிக்க லிப்-யூரிங் என்று பட்டியலில் இன்னொரு வரி. பாதை போட்டவனுக்குச் சந்தோஷம். பட்டியல் வைத்திருப்பவனுக்கு வேலை.

போதாக்குறைக்கு, ஒரே சாமானுக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. டெபியன் குடும்பத்தில் 'லிப்-ஏ.சி.எல்.1-டெவ்' என்றால், ஃபெடோரா குடும்பத்தில் 'லிப்-ஏ.சி.எல்.-டெவல்'. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயரும் அந்தப் பக்கம் ஒரு பெயரும் உள்ள கீரை மாதிரி. ஆகவே அந்தத் தொகுதியோடு வரும் விளக்கக் குறிப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.

சாமான் மட்டும் போதாது, ஆட்களும் வேண்டும். பரீட்சைக்கென்று 'எஃப்.எஸ்.ஜி.க்யூ.ஏ.' என்ற பெயரில் ஒரு பயனரை உண்டாக்க வேண்டும். அதே பெயருக்கு முன்னால் 123456 என்ற எண்ணைச் சேர்த்து இன்னொருவரையும் உண்டாக்கச் சொல்கிறார்கள். ஏன் தெரியுமா? எண்ணில் ஆரம்பிக்கும் பெயரைப் பார்த்ததும், அது பெயரா அடையாள எண்ணா என்று பங்கீட்டு நிரல் குழம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குழப்பத்துக்கு ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு இந்த விசித்திரப் பெயர்க்காரர். காரணம் தெரியாதவன் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம், தெரிந்தவனுக்குச் சரித்திரம்.

இது எல்லாம் சள்ளைதான். ஆனால் ஆபத்து அல்ல. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெண் மூன்றாம் நாள் மாலை கண்டுபிடித்தாள்.

அவள் ஆபீஸில், மின்சாரம் போகும் சமயத்தில் கோப்பின் கடைசிப் பகுதி தொலைந்துபோகும் ஒரு தப்பைத் திருத்தியிருந்தாள். அந்தத் திருத்தத்தை இங்கே பரீட்சித்தாள். எல்லாம் தேறிவிட்டன என்று யந்திரம் சொல்லிற்று. மேலதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் திரையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள். தேறியவற்றின் எண்ணிக்கைக்கு மேலே இன்னொரு வரிசை இருந்தது: 'ஓடாதவை'.

ஒரு பரீட்சைக்கு வேண்டிய சாமான் இல்லாவிட்டால் அந்தப் பரீட்சை தோற்பதில்லை; நடப்பதே இல்லை. அது நியாயமான ஏற்பாடுதான். ஒரு வசதியே இல்லாத இடத்தில் அந்த வசதியைச் சோதிக்க முடியாதல்லவா? ஆனால், 'நடந்தவை எல்லாம் தேறின' என்பதை அவசரக்காரன் 'எல்லாம் தேறின' என்று படித்துவிடுகிறான். பரீட்சைக்கு வராத பையனைத் தேறியவன் கணக்கில் சேர்த்த கதை!

"பாருங்க தாத்தா, சில சாமான் இல்லாட்டி கட்டவே விடாது. அது நல்லது. லிப்-ஏ.ஐ.ஓ. இல்லாட்டி மட்டும் ஒண்ணும் சொல்லாம, அந்த அறையை விட்டுட்டு மிச்ச வீட்டைக் கட்டிடுது. என் திருத்தம் சம்பந்தப்பட்ட பரீட்சையெல்லாம் அந்த அறையிலதான் இருக்கு."

வாசலில் வந்து சண்டை போடுகிற கடன்காரனால் அபாயம் இல்லை. பேசாமல் போகிறவனைத்தான் கவனிக்க வேண்டும். அவள் அந்தச் சாமானைப் போட்டு, மறுபடி கட்டி, இரவெல்லாம் ஓட்டினாள். காலையில் ஒரு பரீட்சை தோற்றிருந்தது. அவளுடைய திருத்தம் பாதிதான் சரி. மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல்லி, இன்னும் சில நாள் அவகாசம் கேட்டாள். அவருக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தது. ஆனால் பாதித் திருத்தம் ஊர் உலகத்துக்குப் போயிருந்தால், யாரோ ஒருவருடைய கோப்பின் கடைசிப் பகுதி ஒரு நாள் இல்லாமல் போயிருக்கும். ஏன் போயிற்று என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு காரியத்துக்கு முன்னால் எந்தக் காரியம் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கலை கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு வீணான காலை நேரத்திலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு நாள் காலை முழுவதும் ஒரு நிரலில் தப்புத் தேடினார். தப்பை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்திய பகுதியை மறுபடி கட்ட மறந்துவிட்டார். பழைய கட்டிடத்தில் நின்றுகொண்டு புதிய வரைபடத்தைத் திட்டியதுதான் மிச்சம். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், 1976-ல் 'மேக்' என்ற நிரலை எழுதினார். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், எதை மறுபடி கட்டவேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நாம் எழுதிக்கொடுத்த சார்புதான் அதற்குத் தெரியும். எழுதாத ஆவிச் சன்னலை அது எப்படி அறியும்?

ஈ.எக்ஸ்.டி.4-ஐப் பராமரிக்கும் தியடோர் ட்ஸோ என்பவர் இந்தச் சள்ளைக்கு வேறு வழி கண்டார். "பட்டியலைக் கொடுத்து நீயே வாங்கிக்கொள் என்பதற்குப் பதிலாக, சாமானையெல்லாம் நானே கட்டித் தந்துவிடுகிறேன்" என்கிற மாதிரி, பரீட்சைகளையும் அவற்றுக்கு வேண்டிய கருவிகளையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை எழுப்பி அதில் பரீட்சையை ஓட்டலாம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும், எந்தெந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதை அந்த ஏற்பாடு விடைத்தாளின் தலையிலேயே எழுதிவிடுகிறது. இந்த விடை எந்த நிலைமையில் வந்தது என்று பிற்பாடு கேட்பவனுக்குப் பதில் காத்திருக்கிறது. சரித்திரக்காரர்கள் எல்லோரும் இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு சண்டை மிச்சமாகியிருக்கும்!

எங்கள் மலையின் சரித்திரத்தையே பாருங்கள். மூணாறுத் தேயிலை வெளியே போன வழி ஒரு காலத்தில் இதுதான். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-ல் அது 2 அடி அகல ரயிலாயிற்று. அது டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சி வரையில் வரும். அங்கிருந்து கம்பிப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து வண்டியில் போடி. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை நம்பியிருந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் மலைமேல் ஓடிய ரயில் அடியோடு போயிற்று. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது, மலைமேல் ரயில் இல்லை. பிறகு யுத்த காலத்தில் போடி ரயிலின் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010-ஆம் வருஷக் கடைசியோடு, அகலப் பாதை போடுகிறோம் என்று மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் அகல ரயில் போடிக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் ஊர், 'ஓடாதவை' என்ற வரிசையில் இருந்தது.

டாப் ஸ்டேஷனுக்கு இன்று போகிறவர்கள் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஸ்டேஷன் என்று ஏன் பெயர் என்று கேட்பவர்கள் குறைவு. காரணம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. 123456 என்ற பயனர் நிற்கிற மாதிரி.

பேத்தி தன் ஆபீஸுக்கென்று ஒரு பட்டியல் எழுதினாள். அதை எழுதிய விதத்தைச் சொல்லாமல் இதை முடிக்கக்கூடாது. முதலில் ஞாபகத்திலிருந்து எழுதினாள். பிறகு ஒன்றுமே நிறுவாத வெறும் யந்திரம் ஒன்றைப் பொய்யாக எழுப்பி, தன் பட்டியலை மட்டும் நம்பி, வேறு ஒன்றையும் தொடாமல் கட்டிப் பார்த்தாள். நின்றது. விட்டுப்போனதைச் சேர்த்தாள். அந்த யந்திரத்தை அழித்துவிட்டு மறுபடி வெறும் யந்திரம், மறுபடி முதலிலிருந்து. கட்டி முடிந்த பிறகும் விடவில்லை. 'ஓடாதவை' வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும், இது நியாயமாக ஓடாததா, சாமான் இல்லாமல் ஓடாததா என்று எதிரே எழுதினாள். ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று ஒரு வரி.

"இவ்வளவு எதுக்கும்மா? பெயர் இருந்தால் போதாதா?"

"எதுக்குன்னு எழுதாட்டி, அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் இது வேண்டாத சாமான்னு எடுத்துடுவான், தாத்தா. அப்புறம் அந்தப் பரீட்சை ஓடாது. ஓடலைன்னு யாருக்கும் தெரியவும் தெரியாது."

பட்டியல் எழுதத் தகுதியானவன் நெடுநாள் பழகியவன் அல்ல. அவனுக்கு எல்லாம் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. புதிதாக வந்து முட்டிக்கொண்டவன்தான் தகுதியானவன். முட்டிக்கொண்ட வலி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் அவனும் பழகியவன் ஆகிவிடுவான்.

இதைக் கேட்ட பிறகு என் பழைய நோட்டுப் புஸ்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆவிச் சன்னலைப் பற்றி ஓரத்தில் எழுதிச் சேர்த்து, அடுத்த தடவை மலைக்குப் போனபோது பெரியவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விறகு காஞ்ச விறகா இருக்கணும்னு எழுதியிருக்கீகளா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. பேனாவை எடுத்தேன்.